ஆடிக்கும் புரட்டாசிக்கும் நடுவில் ஒரு கல்யாணம்

அக்கா மகள் கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. தாய்மாமன் என்ற முறையில் மண்டபம் பிடித்ததிலிருந்து மிச்சமான வாழைக்காயை யாருக்குக் கொடுத்தனுப்புவது என்பதுவரை எல்லாவற்றிலும் தலையை நுழைத்தவன் நான். அதனால் ஊரார் கேட்கிற கேள்விக்கும் நானே பதில் சொல்லும்படி ஆகிவிட்டது. கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். "அது என்னவே வியாழக்கிழமை? ஒரு ஞாயித்துக்கிழமையாப் பாத்து வச்சிருந்தா குடும்பத்தோட வந்திருப்போம்லா?"

வைத்திருக்கலாம்தான். பஞ்சாங்கம் விடவில்லை.

2025-ல் ஆவணி ஆகஸ்ட் 17-ம் தேதி, ஞாயிற்றுக்கிழமையே பிறந்தது. அன்று நவமி. முந்தின நாள்தான் கிருஷ்ண ஜெயந்தி. அடுத்த ஞாயிறு 24, அமாவாசை கழிந்த பிரதமை. நண்பகலுக்குச் சற்று முன்னால் துவிதியை வந்துவிடும்; ஆனால் நண்பகல் வரைக்கும் மணமேடையில் யார் காத்துக்கிடப்பது? 31-ம் தேதி அஷ்டமி. செப்டம்பர் 7 பௌர்ணமி, அதிலும் ராத்திரி முழுச் சந்திர கிரகணம். 14-ம் தேதி மறுபடியும் அஷ்டமி, இந்தத் தடவை தேய்பிறையில். மாதத்தில் ஐந்து ஞாயிறு வந்தும் ஐந்தும் போயிற்று. ஜோசியர் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல அத்தான் காலண்டரில் பேனாவால் அடித்துக்கொண்டே வந்தார். கடைசி ஞாயிறை அடித்ததும் பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அதற்குமேல் அவர் பேசவில்லை.

செவ்வாயும் சனியும் தானாகக் கழிந்துவிடும். கிரகணத்துக்கு மறுநாள், செப்டம்பர் 8-ல் மகாளய பட்சம் தொடங்கி 21-ம் தேதி அமாவாசையில் முடிகிறது. புரட்டாசி பிறப்பதென்னவோ 17-ல்தான். ஆனால் முன்னோர்க்கு எள்ளும் தண்ணீரும் விடுகிற பட்சத்தில் எங்கள் வீட்டில் மேளம் கொட்ட மாட்டோம். ஆக ஆவணியின் கடைசி ஒன்பது நாளும் இல்லை. பெண் நட்சத்திரத்துக்கும் பிள்ளை நட்சத்திரத்துக்கும் ஒத்துவந்து, இருவருக்கும் சந்திராஷ்டமம் இல்லாமல் தேறியவை இரண்டே நாள்: ஆகஸ்ட் 28, செப்டம்பர் 4. இரண்டுமே வியாழன்.

"ஆவணியிலேயே வைக்கணும்னு என்ன கட்டாயம்?" என்று சித்தி கேட்டாள். நியாயமான கேள்வி. பேச்சு வார்த்தையே வைகாசிக் கடைசியில்தான் முடிந்தது. ஆனியில் முடிக்க அவகாசம் இல்லை. ஆடி கிடையாது. புரட்டாசி கிடையாது. ஐப்பசி பிறந்து மூன்றாம் நாள், அக்டோபர் 20-ல் தீபாவளி. கூடவே வடகிழக்குப் பருவமழை. 2023 டிசம்பரில் தாமிரபரணி ஊருக்குள் வந்ததைப் பார்த்தவர்கள் நாங்கள். மழைக்காலத்தில் கல்யாணம் என்றாலே அக்காவுக்கு முகம் சுருங்கிவிடும். மார்கழி தாண்டித் தையில் வைக்கலாம் என்றால், மாப்பிள்ளையை வருஷக் கடைசியில் வெளிநாட்டுக்கு அனுப்பப்போவதாக பெங்களூர் ஆபீஸில் பேச்சு. கடைசியில் ஆவணியில் மூன்று வாரம்தான் கையில் நின்றது. நம்மைப் போலவே இன்னும் ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கும் அதே மூன்று வாரம்தான் நிற்கிறது என்பது மண்டபத்துக்குப் போன் போட்டதும் தெரிந்தது.

ஆவணியை நான் குறை சொல்லமாட்டேன். திருநெல்வேலியில் கல்யாணத்துக்கு அதைவிடத் தோதான மாதம் இல்லை என்பது என் கட்சி. தென்மேற்குப் பருவமழையெல்லாம் மலைக்கு அந்தப் பக்கத்தோடு சரி. இங்கே மூட்டமும் காற்றும்தான் வந்து சேரும். சித்திரை, வைகாசி முகூர்த்தத்தில் பட்டு வேட்டியோடு ஹோமப் புகையில் உட்கார்ந்து வியர்த்து வழிந்த எவரும் இதை ஒத்துக்கொள்வார்கள். நான் வழிந்திருக்கிறேன், என் கல்யாண ஆல்பம் சாட்சி.

முகூர்த்த நேரம் பற்றியும் சொல்லிவிடுகிறேன், பத்திரிகையைப் பார்த்துவிட்டு "ஏன் இவ்வளவு காலையிலே?" என்று கேட்டவர்களுக்காக. ஆவணியில் சூரியன் சிம்மத்தில் இருக்கிறது. அதனால் விடியும்போது ஓடுவது சிம்ம லக்னம். மாதப் பிறப்பன்று அது ஏறக்குறைய முழுசாக இரண்டு மணி நேரம் இருக்கும். நாள் போகப் போக விடிவதற்கு முன்பே கொஞ்சம் கொஞ்சமாகக் கழிந்துவிடும். 28-ம் தேதி வாக்கில் காலை ஏழேகாலுக்கெல்லாம் சிம்மம் முடிந்து கன்னி வந்துவிடுகிறது. வியாழக்கிழமை ஆறு முதல் ஏழரை எமகண்டம். ராகு காலம் மத்தியானம் ஒன்றரைக்கு மேல்தான். எமகண்டம் போனதும், கன்னி லக்னம் முடிவதற்குள், 7.30 முதல் 9 என்று போட்டோம். இந்தக் கணக்கெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று யாரும் வியக்க வேண்டாம். மூன்று மாதம் ஜோசியர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தால் யாருக்கும் வரும்.

சரி, 28-ஆ 4-ஆ? பெண் வீட்டுக்கு 4-ம் தேதி மேல். ஒரு வாரம் கூடுதலாகக் கிடைக்கும். மாப்பிள்ளை வீட்டார் 28 என்றார்கள். காரணம், 27-ம் தேதி புதன் விநாயகர் சதுர்த்தி விடுமுறை. வியாழன், வெள்ளி இரண்டு நாள் லீவு போட்டால் சனி ஞாயிறோடு சேர்ந்து ஐந்து நாள் வந்துவிடும். பெங்களூர், சென்னைப் பிள்ளைகளெல்லாம் வருவார்கள். மருமகளும் அந்தக் கட்சியில் சேர்ந்துகொண்டாள். அவள் சிநேகிதிகளுக்குக் குற்றாலம் போகவேண்டுமாம். சீசன் முடிவதற்குள் வந்தால்தானே? தேதி முடிவானது இப்படித்தான். குரு பலம் பாதி, குற்றாலம் பாதி.

இனிமேல்தான் விஷயம். ஆவணிக் கல்யாணத்தின் கஷ்டம் ஆவணியில் இல்லை, அதற்கு முந்தின மாதத்தில் இருக்கிறது. ஆவணி 12-ல் முகூர்த்தம் என்றால், மாதம் பிறந்து நடுவில் இருப்பது பதினோரு நாள். வேலையெல்லாம் ஆடியில்தான் நடந்தாக வேண்டும். ஆடியிலோ ஒன்றும் செய்யக்கூடாது.

இதற்கு எங்கள் அம்மா ஒரு சட்டம் வைத்திருக்கிறாள். "ஆடியிலே புதுசா ஒண்ணும் தொடங்கக் கூடாதுல. தொடங்கினதை நிறுத்தவும் கூடாது." இதை அவளுடைய அம்மாவிடமிருந்து கேட்டதாகச் சொல்கிறாள், சொந்தமாக இட்டுக்கட்டினாளோ என்று எனக்கு லேசான சந்தேகம் உண்டு. எதுவானாலும் இந்த ஒரு வாக்கியம்தான் எங்களைக் காப்பாற்றியது. ஆனி முடிவது ஜூலை 16. அதற்குள் எல்லாவற்றையும் "தொடங்கி" வைத்துவிட்டால் ஆடி முழுக்க வேலை பார்க்கலாம்.

அப்படித்தான் செய்தோம். ஆனி வளர்பிறையில் நிச்சயதார்த்தம். அதே வாரத்தில் மண்டபம், தவசுப்பிள்ளை, நாதஸ்வரம், போட்டோ, மாலை கட்டுகிறவர், வேன் என்று ஒவ்வொருவருக்கும் வெற்றிலை பாக்கில் வைத்து ஒரு முன்பணம். முகூர்த்தப் பட்டு ஆனியிலேயே எடுத்தாகிவிட்டது. இதில் மருமகளுக்கு வருத்தம்தான். ஆடித் தள்ளுபடியில் எடுத்தால் மிச்சமாகும் என்று அவள் கணக்கு. ஆடியில் எடுத்த சேலையைக் கட்டிக்கொண்டு மணமேடையில் உட்கார ஆச்சி விடமாட்டாள் என்பது ஒரு பக்கம் இருக்க, நல்ல ஜரிகை போட்ட கல்யாணப் பட்டுக்கு அந்தத் தள்ளுபடி அநேகமாகக் கிடைப்பதே இல்லை. வாசலில் தொங்குகிற பெரிய எண் சுடிதாருக்கும் போர்வைக்கும்தான். மற்றவர்களுக்கு எடுத்துக்கொடுக்க வேண்டிய சேலை, வேட்டி, துண்டு எல்லாம் ஆடியில் எடுத்தோம். அதில் நிஜமாகவே மிச்சம். ஆனியில் பட்டு எடுத்ததில் இன்னொரு லாபம், பிளவுஸ். ஆரி வேலை செய்கிற பெண் நிதானமாக வாங்கி வைத்துக்கொண்டு ஆடி முழுக்கத் தைத்தாள். ஆவணி பிறந்தபின் போனவர்களுக்கு அவள் கதவையே திறக்கவில்லை என்று கேள்வி.

பத்திரிகைதான் இழுபறி. சிவகாசியில் அச்சடித்தது, புரூஃப் ஆனியில் பார்த்ததால் அதுவும் "தொடங்கியது" கணக்கில் வந்துவிட்டது. ஆனால் கட்டு வீட்டுக்கு வந்து சேர்ந்தது ஆடியில். ஆடியில் பத்திரிகை நீட்டலாமா? பூஜை அறையில் பிரிக்காமல் அப்படியே வைத்திருந்தோம். ஆடிப் பதினெட்டு, ஆகஸ்ட் 3, ஞாயிற்றுக்கிழமையாக அமைந்தது. பெருக்கு நாள், அன்று எதுவும் தொடங்கலாம் என்பதில் அம்மாவுக்கே மறுப்பில்லை. விடியற்காலையில் கட்டைப் பிரித்து, நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, முதல் பத்திரிகை குலதெய்வம் சாஸ்தா கோவிலுக்கு, அடுத்தது நெல்லையப்பருக்கு. சாயங்காலமே சொந்தக்காரர் வீட்டுக்குக் கிளம்பிவிட்டோம்.

ஒரு பெரியப்பா மட்டும் வாசலிலேயே நிறுத்தி, "எய்யா, ஆவணி பொறக்கட்டும், அப்புறம் கொண்டாங்க" என்று காபி கொடுத்து அனுப்பிவிட்டார். அவருக்கு ஆவணி 1 அன்று முதல் ஆளாகப் போய்க் கொடுத்தேன். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதும் என்கிற தலைமுறை வேறு. நேரில் வந்து பெயர் சொல்லி அழைத்தால்தான் வருவேன் என்கிற தலைமுறை வேறு. நடுவில் எங்கள் தலைமுறை, வாட்ஸ்அப்பிலும் அனுப்பி நேரிலும் போய்ப் பெட்ரோல் போட்டுக்கொண்டிருக்கிறது.

நகையைப் பற்றி நீட்டப்போவதில்லை. ஜனவரியில் ஒரு பவுன் 57,000-ஐ ஒட்டி இருந்தது. கல்யாண வாரத்தில் 75,000-ஐத் தாண்டி நின்றது. செப்டம்பர் முதல் வாரம் முடிவதற்குள் 80,000. அத்தான் அந்தக் காலத்திலிருந்தே வருஷா வருஷம் நகைச்சீட்டு கட்டி வந்தவர். தாலிக்கு மட்டும்தான் புதுசாகப் பொன் வாங்க வேண்டியிருந்தது. அதற்கே ரசீதை இரண்டு தடவை மடித்து யாருக்கும் காட்டாமல் வைத்துக்கொண்டார்.

பூவுக்கு வருவோம். இதில்தான் இரண்டு தேதிக்கும் வித்தியாசமே இல்லாமல் போனது. செப்டம்பர் 4-ஐ வேண்டாம் என்றதற்கு நான் சொன்ன காரணம் ஓணம். 5-ம் தேதி திருவோணம். தோவாளைச் சந்தையிலிருந்து பூவெல்லாம் மலை தாண்டிக் கேரளாவுக்குப் போய்விடும், விலை எகிறும் என்றேன். எல்லாரும் தலையாட்டினார்கள். அத்தப்பூக் கோலம் பத்து நாளைக்கு முன்னாலேயே தொடங்கிவிடுமே, அத்தம் ஆகஸ்ட் 26-ல் வருகிறதே என்பதை மாலை கட்டுகிறவர்தான் நினைவுபடுத்தினார். அதோடு 27 விநாயகர் சதுர்த்தி. 28, 29 முகூர்த்தம். போதாக்குறைக்கு மலையாளத்துச் சிங்க மாதமும் இதே ஆவணிதான், அங்கேயும் கல்யாண சீசன். கோவிலுக்கு, கோலத்துக்கு, கல்யாணத்துக்கு என்று மூன்று பக்கத்திலிருந்தும் கை நீள்கிற வாரம் அது.

அவரோடு ஒருநாள் விடியலில் தோவாளைக்குப் போனேன். நாகர்கோவிலுக்குக் கொஞ்சம் முன்னால், ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டியதும் வருகிற ஊர். காரிலிருந்து இறங்கினால் முதலில் காற்று வேட்டியைப் பிடித்து இழுக்கும். பிறகுதான் வாசனை. தரையில் சாக்கு விரித்து மஞ்சளும் ஆரஞ்சுமாகக் கேந்தி, ஊதாக் குவியலாக வாடாமல்லி, ஈரத்துணி போர்த்திய கூடையில் பிச்சி. பிச்சிப்பூவுக்கு எங்கள் பக்கத்துப் பெண்கள் மல்லிகையைவிட ஒரு படி மேலேதான் இடம் கொடுப்பார்கள். விலை கேட்டேன். வியாபாரி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "அண்ணாச்சி, இந்த வாரம் ரேட்டு கேக்காதீங்க. பூ இருக்கான்னு கேளுங்க." பக்கத்தில் ஒரு கடையில் மாணிக்கமாலை கட்டிக்கொண்டிருந்தார்கள். வெள்ளை அரளி, சிவப்பு அரளி, நொச்சி இலை மூன்றையும் மடித்து மடித்துப் பாய் முடைவதுபோல் கோத்துக்கொண்டே போகிறார் ஒரு பெரியவர்; கண் தெருவில் இருக்கிறது, விரல் தவறுவதில்லை. 2025-ல்தான் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. மணமேடைக்குப் பின்னால் தொங்கவிட ஒன்று சொல்லிவிட்டு வந்தேன். பிளாஸ்டிக் பூ அலங்காரக்காரர் கேட்ட தொகையைவிட அது குறைவுதான்.

மாலை கட்டுகிறவரோடு ஆனியில் போட்ட ஒப்பந்தம் இந்த இடத்தில் கைகொடுத்தது. கல்யாண மாலை, மாமன் மாலை, சடை அலங்காரம் இவற்றுக்கு மொத்தமாக ஒரு தொகை, அன்றைய விலை எதுவானாலும் அதுதான். தலைக்கு வைக்கிற சரத்துக்கு மட்டும் அன்றைய விலை. இரண்டையும் பிரித்துப் பேசிவிடுங்கள். இல்லாவிட்டால் முகூர்த்தத்துக்கு முந்தின நாள் கிலோ மல்லி ஆயிரத்தைத் தாண்டி எங்கே நிற்கும் என்று யாரும் சொல்ல முடியாது.

தோவாளையில் வேட்டியைப் பிடித்து இழுத்த அதே காற்றுதான் வாழை இலைக்கும் எமன். ஆடியில் தொடங்கி ஆவணி பாதிவரைக்கும் அடிக்கிற மேற்குக் காற்றில் தோட்டத்து இலையெல்லாம் நார் நாராகக் கிழிந்துவிடும். ஏரல், ஸ்ரீவைகுண்டம் பக்கம் ஆற்றங்கரையெல்லாம் வாழைதான், இலைக்குப் பஞ்சமில்லை. கிழியாத தலைவாழை இலைக்குத்தான் பஞ்சம். கட்டைப் பிரித்துப் பார்க்காமல் வாங்காதீர்கள் என்று தவசுப்பிள்ளை முன்பே சொல்லியிருந்தார். மேலே நாலு இலை நன்றாக இருக்கும், உள்ளே பார்த்தால் தோரணம் கட்டத்தான் ஆகும்.

தவசுப்பிள்ளை என்று சொன்னால் வடக்கத்தி வாசகர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். எங்கள் பக்கம் கல்யாணச் சமையல் தலைமைக்காரரை அப்படித்தான் சொல்வோம். நாங்கள் பிடித்தவருக்கு அறுபது வயதிருக்கும். நோட்டுப் புத்தகம் எதுவும் கிடையாது. எதிரில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டே கேட்டார்: "எத்தனை பத்திரிகை அடிச்சிருக்கீங்க?" சொன்னோம். கண்ணை மூடிக்கொண்டார். "ஞாயித்துக்கிழமைன்னா பத்திரிகைக்கு ரெண்டரை இலை போடுவேன். வியாழன்னா ஒண்ணே முக்கா போதும். ஆனா முந்தின நாளு லீவு. ராத்திரி டிபனுக்கு மூணு போட்டுக்கிடுங்க."

அத்தானுக்கு இது அதிகமாகப் பட்டது. மறுநாள் முகூர்த்தச் சாப்பாடுதானே முக்கியம், முந்தின ராத்திரிக்கு எதற்கு இவ்வளவு என்று முணுமுணுத்தார். தவசுப்பிள்ளை மறுத்து ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து தோளில் துண்டைப் போட்டுக்கொண்டார். புதன் சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்பு முடிந்து வரவேற்பு தொடங்கியபோதுதான் எல்லாருக்கும் விளங்கியது. "ஏன் வியாழக்கிழமை?" என்று போனில் கேட்டவர்கள் அத்தனை பேரும் குடும்பத்தோடு புதன் ராத்திரியே வந்து நின்றார்கள். விடுமுறை நாளாயிற்றே! பந்திக்கு மேல் பந்தி. ஆக்குப்புரையில் ஊத்தப்பக் கல் இறங்கவே இல்லை. வியாழன் காலை தாலி கட்டும் நேரத்தில் மண்டபத்தில் நெருங்கிய சொந்தம் மட்டும். நிம்மதியாக, மணமேடையில் நடப்பது எல்லாருக்கும் தெரியும்படி. என்னைக் கேட்டால் இதுதான் சரியான கல்யாணம். ராத்திரி ஊருக்கு, காலையில் வீட்டுக்கு.

வெளியூர்க்காரர்கள் விஷயம் ரயிலோடு முடிந்துவிடும். 2024 நவம்பரிலிருந்து முன்பதிவு அறுபது நாளாகக் குறைந்துவிட்டது, முன்பெல்லாம் நூற்றிருபது. ஆக, ஜூன் கடைசியில் ஒரு காலை எட்டு மணிக்கு ஆளுக்கொரு போனோடு உட்கார்ந்தால்தான் நெல்லை எக்ஸ்பிரஸில் இடம். சதுர்த்திக்கு ஊருக்கு வருகிறவர்களும் அதே வண்டிதான். பத்திரிகை அடிப்பதற்கு முன்னாலேயே சென்னைச் சொந்தங்களுக்குத் தேதியைச் சொல்லியாக வேண்டும். கிடைக்காதவர்கள் வந்தே பாரத்துக்குப் போனார்கள், அதுவும் கிடைக்காதவர்கள் ஆம்னி பஸ்காரர் சொன்ன தொகையைக் கேட்டுவிட்டு மொய்யை ஜிபேயில் அனுப்பினார்கள்.

மறுவீட்டைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பதிவை முடிக்க முடியாது. திருநெல்வேலிக் கல்யாணம் என்றால் மறுநாள் மறுவீட்டுச் சாப்பாட்டில் சொதி இருக்க வேண்டும். முகூர்த்தச் சாப்பாட்டில் பாயசம் திரிந்துபோனாலும் மன்னிப்பார்கள், சொதி சரியில்லை என்றால் பேரன் பேத்தி எடுத்தபிறகும் சொல்லிக்காட்டுவார்கள். எங்களுக்கு வந்த சிக்கல், 29-ம் தேதியும் முகூர்த்தம். வியாழன் மூன்று மணிக்கு மண்டபத்தைக் காலி செய்தாக வேண்டும், அடுத்த கல்யாணக்காரர்கள் வாசலில் வாழை மரத்தோடு நிற்கிறார்கள். தவசுப்பிள்ளைக்கும் 29-ல் வேறு இடம். "சொதிக்கு என்னை எதிர்பாக்காதீங்க, பொம்பளையாளுக சேர்ந்தா வச்சிரலாம்" என்று ஆனியிலேயே சொல்லிவிட்டார். சரி, வீட்டிலேயே வைப்பது என்று முடிவு.

வியாழன் ராத்திரியே அக்கா வீட்டு முற்றத்தில் தேங்காய் உடைக்கத் தொடங்கினோம். 2025-ல் தேங்காய் விலை கேட்டவர்களுக்குத் தெரியும், அந்தக் குவியலைப் பார்த்து அத்தான் விட்ட பெருமூச்சின் அர்த்தம். வெள்ளி விடியலில் சித்தி தலைமையில் அத்தைமார் நாலு பேர். துருவி அரைத்து முதல் பால் தனியாக ஒரு சருவத்தில், இரண்டாம் பால் வேறு, மூன்றாம் பால் வேறு. மூன்றாம் பாலில் உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ், பட்டாணி, முருங்கைக்காய் வேகிறது. பாசிப்பருப்பு இன்னொரு அடுப்பில் குழைகிறது. இஞ்சியும் பச்சை மிளகாயும் அரைத்துப் பிழிந்த சாறு இரண்டாம் பாலோடு உள்ளே போகும். அதுவரைக்கும் பேச்சும் சிரிப்புமாக இருக்கும். முதல் பால் விடுகிற நேரம் வந்ததும் அடுப்படி அமைதியாகிவிடும். தீயைத் தணித்து, பாலை விட்டு, ஓரத்தில் நுரை கட்டும்போதே இறக்கிவிட வேண்டும். கொதித்தால் திரிந்துவிடும். மைனி கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு, "யாரும் எங்கிட்ட பேசாதீங்க" என்று ஒரு நிமிஷம் நின்றாள். இறக்கி, தாளித்துக் கொட்டி, சூடு ஆறியபிறகுதான் எலுமிச்சை பிழிய வேண்டும். அவசரப்பட்டுப் பிழிய வந்த என் கையில் ஒரு தட்டு விழுந்தது.

கூட இஞ்சிப் பச்சடி, உருளைக்கிழங்கு சிப்ஸ். இந்த இரண்டும் இல்லாமல் சொதி இல்லை. தேங்காய்ப் பால் வயிற்றில் அப்படியே உட்கார்ந்துவிடும், இஞ்சிப் பச்சடிதான் அதைக் கிளப்பிவிட வேண்டும். மாப்பிள்ளை வீட்டார் மதுரைப் பக்கம், சோற்றில் சொதி விழுந்ததும் "இது என்ன, குருமாவா?" என்று மெதுவாகக் கேட்டார் மாப்பிள்ளையின் சித்தப்பா. பந்தி முடிவதற்குள் அவர் இலைக்கு மூன்றாம் தடவை சொதி போயிற்று. அதன்பிறகு அவர் குற்றாலம் வரவில்லை, திண்ணையில் துண்டை விரித்துப் படுத்துவிட்டார். மற்றவர்கள் இரண்டு வேனில் போய்விட்டு ராத்திரி ஈரத் தலையோடு வந்தார்கள். தண்ணீர் சுமாராகத்தான் விழுந்ததாம். அதற்கும் என்னிடம்தான் குறை சொன்னார்கள், அருவியையும் மாமாதான் புக் செய்த மாதிரி.

இன்னும் ஒரு காரியம் பாக்கி இருந்தது. தமிழ்நாட்டில் 2009 சட்டப்படி எந்தக் கல்யாணத்தையும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்தாக வேண்டும். தொண்ணூறு நாளைக்குள் போனால் சாதாரணக் கட்டணம். தாண்டினால் இன்னும் அறுபது நாள், கூடுதல் கட்டணத்தோடு. விசா வாங்க அந்தச் சான்றிதழ் இல்லாமல் நடக்காது. பத்திரிகை ஒன்று, கல்யாணப் போட்டோ, இருவரின் ஆதார், வயதுச் சான்று, சாட்சிகள் என்று எல்லாவற்றையும் ஒரு உறையில் போட்டு மறுவீட்டு அன்றே மாப்பிள்ளை கையில் கொடுத்துவிட்டேன். மகாளயம் தொடங்குவதற்கு முன்னாலேயே பதிந்துவிட்டார்கள். பதிவுக்கு நல்ல நாள் பார்க்க வேண்டியதில்லை என்று அம்மாவிடம் சொல்லியும், அவள் ராகு காலம் பார்த்துத்தான் அனுப்பினாள்.

அடுத்த ஆவணிக்கு என்னிடம் கேட்டவர்கள் இப்போதே இரண்டு மூன்று பேர். 2026-ல் அதிக மாசம் வருவதால் எல்லாத் திதியும் தள்ளிப் போகிறது. மகாளயம் செப்டம்பர் கடைசியில்தான் தொடங்கும், ஆவணி முழுசாகக் கைக்கு வரும். விநாயகர் சதுர்த்தி செப்டம்பர் 14. திருவோணம் ஆகஸ்ட் 26-ல், மாதத்தின் முன்பாதியிலேயே. முதல் வளர்பிறையும் ஆகஸ்ட் 28 பௌர்ணமியோடு முடிகிறது. அதனால் அந்த நாட்களுக்கும் ஓணத்துப் பூ விலைதான். அஷ்டமி, நவமி எதுவும் ஞாயிற்றுக்கிழமையில் விழவில்லை. ஆகஸ்ட் 23, 30 இரண்டையும் உங்கள் ஜோசியரிடம் கேட்டுப் பாருங்கள், நட்சத்திரம் ஒத்துவர வேண்டும். ஒத்துவந்தால் தவசுப்பிள்ளைக்கு முதலில் போன் போடுங்கள், மண்டபத்துக்கு அப்புறம். சித்தப்பா பையன் ஏற்கெனவே போட்டுவிட்டான். 30-ம் தேதிக்கு அவர் ஒத்துக்கொண்டாராம். பெண் இன்னும் பார்த்தாகவில்லை.